எண்பத்திரண்டுக்கு நாற்பத்தேழு

பதினோராவது தோல்வி.
ஸ்கோர் பலகையில் ஒரு குச்சி விளக்கு எரியாது.
எங்கள் நாற்பத்தேழு
நாற்பத்தொன்றாய்த் தெரிந்தது.
'அதுக்கும் நம்மளப் பிடிக்கல்ல' என்றான் நிஸ்தார்.

அரசடிச் சந்திக் கொத்துக்கடை.
தகடு அடிபடும் சத்தத்துக்கு மேலால்
கத்தித்தான் பேச வேண்டும்.
கத்துவதற்கென்றே அங்கே போகிறோம் போலும்.

'மொத்தமாக் கழட்டணும்.'
கிருபைராணி ரீச்சர். கணக்குப் பாடம்.
பில்லின் பின்பக்கத்தில் வயதுகளை எழுதினா:
முப்பத்தாறு, முப்பத்தைந்து, முப்பத்துநான்கு,
முப்பத்துமூன்று, பாவம் ஒரு முப்பத்தொன்று.
கூட்டி, ஐந்தால் பிரித்து,
அடியில் இரட்டைக் கோடு.
'முப்பத்திமூணு தசம் எட்டு.
இது ரீமா, பென்சன் கந்தோரா?
மூணு வருசம் தோப்பம். தோத்தாத் தோக்கட்டும்.
பதினேழு வயதுப் பொடியன்கள எறக்குங்க.
மறுகா பாருங்க.'

மறுகா.
நாளைக்கும் அதுதான் சொல்,
ஒருநாளும் இல்லை என்பதற்கும் அதுதான்.

காத்தான்குடித் துணிக்கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு
மோட்டார்சைக்கிளில் வருகிறவன் நிஸ்தார்.
எல்லாப் பொடியன்களையும் தெரியும்.
'உயரமானவன் கட்டாருக்கு மெடிக்கல் எடுத்திட்டான்.
இடக்கைக்காரனுக்கு ஏ.எல்.
பின்னேர வகுப்பு வெச்சு
ப்ராக்டிசுக்கு விடாதது ஆரு ரீச்சர்?'

ரீச்சர் பில்லை மடித்தா.

'வளையத்துக்கு வெல்டிங் வெச்சது நான்,'
ரெறன்ஸ் பார்த்தலோட்,
யாரும் கேட்கவில்லை.
'வளையம் நேராத்தான் நிக்குது.'

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.
பத்திரிகைச் சொல் ஒன்று கையில் இருந்தது:
மீள்கட்டுமானம்.

யோகதாசன் கோப்பையைத் தள்ளி வைத்தான்.
நாவலடிக்காரன். இப்போது திராய்மடு.
'அந்தச் சொல்லுக்கு எங்கட ஒழுங்கையில
இன்னும் ஒரு போர்ட் நிக்குது.
மூணு நாட்டுக் கொடி கீறி, மேல ஒரு காகம்.
வீடு தந்தாங்க. நல்ல வீடு, குறை சொல்லல்ல.
கடல் சத்தம் இல்லாம
ஒரு வருசம் நித்திர வரல்ல, அவ்வளவுதான்.
அங்க பழச இடிச்சது கடல்.
இஞ்ச ஆரு இடிக்கிற?
நீங்களா?'

தகட்டுச் சத்தம் நிற்கவில்லை.
எங்கள் மேசையில் மட்டும்
முட்டை கூடுதலாகப் போட்டதா இல்லையா என்று
கொஞ்சநேரம் கோப்பைகளையே பார்த்தோம்.

ரீச்சர் கடைசியாக, சின்னக் குரலில்:
'வீட்டச் சொல்லல்ல தம்பி.
யூட்டின்ட முழங்காலச் சொல்றன்.'

யூட்டின் முழங்கால்
எங்களுக்கெல்லாம் சொந்தமான முழங்கால்.
இரண்டு பட்டி கட்டியது.
இடைவேளைக்கு ஐஸ் மீன்வாடியிலிருந்து வரும்,
அதனால் எங்கள் பெஞ்சில் எப்போதும்
மெல்லியதாய் ஒரு கீரிமீன் வாசம்.
எதிரணிக்காரன் மூக்கைச் சுளிப்பான்.
அந்த ஒரு விசயத்தில்
எங்கள் தடுப்பாட்டம் பலம்.

முடிவு வரவில்லை. காசு கணக்கும் சரிவரவில்லை,
கணக்கு ரீச்சர் இருந்தும்.
கல்லடிப் பாலத்தில் இரண்டு மோட்டார்சைக்கிள்
பக்கத்துக்குப் பக்கம் ஓடி
இன்னும் கத்திக்கொண்டு போயின.
'கழட்டணும்' என்றது ஒன்று.
மற்றது சொன்னதைக் காற்று வாவிக்குள் போட்டுவிட்டது.

அடுத்த சனிக்கிழமை அதே படிகள்.
முதல் மூன்று நிமிடத்தில் பூச்சியத்துக்கு ஒன்பது.
ரீச்சர் குடையை மடியில் வைத்து
ஒரு விரல், இரண்டு விரல் என்று
யாரையெல்லாம் எடுக்க வேண்டும் என எண்ணுகிறா.

மூலையில் யூட்டுக்குப் பந்து.
குதித்தான் என்று சொல்ல முடியாது,
குதிகாலைத் தரையிலிருந்து கொஞ்சம் கடன் வாங்கினான்.
பந்து போய்
வளையத்தில் படாமல் விழுந்தது.

'ஐயோ என்ட மனே!'
குடை மூன்று படி உருண்டது.
வாவியில் நின்ற கொக்குகூடத் திரும்பியிருக்கும்,
அப்படிக் கத்தினா கிருபைராணி ரீச்சர்.

பிறகு உட்கார்ந்தா.
சாரித் தலைப்பால் கழுத்தைத் துடைத்தா.
நிஸ்தார் எதுவும் கேட்கவில்லை,
கேட்டதைப் போலப் பார்த்தான்.

'எண்டாலும்' என்றா,
'அவன நிப்பாட்டத்தான் வேணும்.'

மூன்றுக்கு ஒன்பது.
அது சரியாகவே தெரிந்தது.