இருநூற்று அறுபத்து நான்கு கிலோ

தடைக்காலத்தின் பதினோராம் நாள்,
சோனாங்குப்பம் கரையில் கவிழ்க்காமல் நிறுத்திய படகில்
ஜாபர் கிரைண்டரை இறக்கினார்.
வெள்ளைத் தூசி.
காது மடலில், கண் இமையில், டீ கிளாசில்.
முழங்கை வரை அரித்தது.
சொறியாதே, உள்ளே போகும் என்றார்.
சொறிந்தேன்.

தளம் பெயர்ந்து வந்ததும்
அடியில் அடைத்திருந்த பழைய நுரை தெரிந்தது.
விரலை வைத்தேன், இறங்கியது.
எடுத்தேன்,
விரலின் பின்னாலேயே தண்ணீர் ஏறி வந்தது.

"மிதக்கறதுக்குப் போட்டது," என்றார் ஜாபர்,
"குடிச்சிட்டுக் கிடக்குது."

எந்த வழியாக என்று தேடினோம்.
அணியத்தில் அடி வாங்கிய தடம் இல்லை,
கூடலில் வெடிப்பு இல்லை.
ஜி.பி.எஸ். பெட்டி மாட்ட
ஆறு வருடம் முன்பு ஓட்டை போட்டு
இடம் சரியில்லை என்று விட்டுவிட்ட
ஒரு திருகாணித் துளை.
போட்டது நான்தான்.

ரம்பத்தால் அறுத்து, கையால் பிய்த்து,
மண்வெட்டியால் சுரண்டி எடுத்தோம்.
தவமணி மீன் நிறுக்கும் தராசைக் கேட்டேன்.
என்ன மீன் என்றாள்.
சொன்னதும் சிரித்து, தானும் கூட வந்தாள்.
பதினோரு கூடை.
கரி எடுத்து மதகுச் சுவரில் கூட்டினாள்.
இருநூற்று அறுபத்து நான்கு.

அப்போதுதான் எனக்கு
டீசல் கணக்கு ஞாபகம் வந்தது.

போன ஐப்பசி. ஏலம் விடும் இடம்.
ஐஸ் வண்டிக்காரர் முதற்கொண்டு எல்லாரும் நிற்க,
"நடைக்கு எட்டு லிட்டர் எங்கடா போகுது?" என்று கேட்டேன்
அஞ்சாப்புலியை.
பதில் சொல்லவில்லை.
சாய்ந்து கிடந்த கேனை நிமிர்த்தி,
மூடியைத் திருகி இறுக்கி வைத்துவிட்டு
நடந்து போனான்.
அந்த மூடியை மறுநாள் திறக்க
எனக்கு இடுக்கி தேவைப்பட்டது.

இஞ்சினை மாற்றினேன். விசிறியை மாற்றினேன்.
ஆளை மாற்றினேன்.
எட்டு லிட்டர் பத்தாயிற்று.

புது நுரைக்கு இரண்டு டப்பா.
ஒன்றில் தேன் நிறம், ஒன்றில் கருப்பட்டிப் பாகு.
சம அளவு. முப்பது எண்ணுவதற்குள் கலக்கி
ஊற்றிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும்.
நான் நாற்பது வரை எண்ணிவிட்டேன்.
வாளிக்குள்ளேயே எழுந்தது,
விளிம்பைத் தாண்டி, பிடியை விழுங்கி,
தொட்டால் சுடுகிற ஒரு மஞ்சள் தலை.
அடுத்த கணம் கல்.
வாளி அறுநூறு ரூபாயோடு போயிற்று.

"அவசரப்படவும் கூடாது, யோசிக்கவும் கூடாது,"
என்றார் ஜாபர்.
அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக.
மொத்தமாக ஊற்றினால்
தளத்தையே தூக்கிவிடுமாம்.
மேலே இரண்டு ஓட்டை விட்டோம்,
பெருகுகிறது மூச்சு விட.
அந்த ஓட்டைகளில் நுரை எட்டிப் பார்த்தது,
மிஞ்சியதைக் கத்தியால் சீவி
வாயைப் பிசினால் அடைத்தார்.
பிறகு என் பழைய துளை.
அதை என்னையே அடைக்கச் சொன்னார்.

மறுநாள் வண்டியை எடுத்துக்கொண்டு
ராசாப்பேட்டை போனேன்.
அஞ்சாப்புலி வேறொருவர் படகுக்கு
மடி கட்டிக்கொண்டிருந்தான்.
வழியில் தயார் செய்த வார்த்தைகள் நாலைந்து இருந்தன,
ஒன்றுகூட அளவு சரியாக இல்லை.

"நுரையில தண்ணி," என்றேன்.
ஊசி நிற்கவில்லை.
"எத்தினி கிலோ?"
சொன்னேன்.
ஊசி நின்றது.
மனதுக்குள் கணக்குப் போடுகிறான்:
இத்தனை எடை, இத்தனை நடை, இத்தனை லிட்டர்.
உதடு அசைந்தது.
போட்டு முடித்து, என் கையைப் பார்த்தான்.
கட்டை விரல் முழுக்க ஒட்டிக் காய்ந்த மஞ்சள்.

"மண்ணெண்ணெய் போட்டியா?"
"போகல."
"போகாது. தோல் உரிஞ்சாதான் போகும்.
பத்து நாள் ஆவும்."

வா என்றும் சொல்லவில்லை, போ என்றும்.
நூல்கண்டின் மறுமுனை மணலில் உருண்டு போனது.
எடுத்துப் பிடித்துக்கொண்டேன்.
அவன் இழுத்த அளவுக்கு
விட்டுக்கொண்டே இருந்தேன்.