கடந்த ஏழு நாட்கள்

முத்தையன்கட்டு இடதுகரையில்
எனக்குப் பிரித்துத் தந்தது அறுபத்திரண்டு வீடு.
கையில் டப், கழுத்தில் அடையாள அட்டை,
மூன்று மாத ஒப்பந்தம்,
பெற்றோலுக்குத் தனிக்காசு கிடையாது.

எல்லாப் படலையிலும் முதற் கேள்வி ஒன்றுதான்:
கடந்த ஏழு நாட்களில்
ஒரு மணித்தியாலமாவது
காசுக்கு வேலை செய்தீர்களா?

ஒரு மணித்தியாலம் செய்தால் போதும்,
தொழில் உள்ளவர்.
வவுனியாவில், குளிரூட்டிய மண்டபத்தில்,
மத்தியானப் புரியாணிக்குப் பிறகு சொல்லித் தந்தபோது
எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

புஸ்பகாந்தி அக்கா
செவ்வாய்க்கிழமை பின்னேரம்
ஆரோ ஒருவரின் கச்சானை உடைத்துக் கொடுத்தாள்.
இரண்டு கிலோ. அறுபது ரூபா.
மிச்ச ஆறு நாளும்
மேசன் வேலைக்கு ஆள் ஏற்ற வரும் லான்ட்மாஸ்டரை
றோட்டில் நின்று பார்த்தாளாம்.
"பொம்பிளையளை இப்ப ஏத்துறேல்லை."
தொழில் உள்ளவர் என்பதை அழுத்தினேன்.
திரை பச்சையாகி
அடுத்த ஆளுக்குப் போனது.

குகேந்திரம் அண்ணை கேட்டார்:
"தண்ணி திறந்து விடச் சொல்லி
மூண்டு கூட்டத்துக்குப் போனனான்.
அதுக்கு நம்பர் இல்லையோ?"
இல்லை.

மாரிமுத்துவிடம் காணி சொந்தமா என்று கேட்டேன்.
"இருக்கிறம்" என்றார்.
சொந்தமோ ஐயா?
"எழுவத்தேழுல வந்து காடு வெட்டினம். இருக்கிறம்."
ஆம், இல்லை.
இரண்டு வட்டங்களுக்கும் நடுவில்
என் விரல் கனநேரம் நின்றது.

நிமலராணி முகமாலையில் மிதிவெடி எடுக்கிறாள்.
பிரதான உழைப்பாளர்: அவள்.
தங்கியிருப்போர்: ஐந்து பேர்.
பன்னிரண்டு வருசம் முழங்காலில் நின்று
சாண் சாணாய்த் தடவித்
துப்புரவாக்கிக் கொடுத்த நிலத்தில்
இப்போது ஆரோ தென்னை வைத்திருக்கிறார்கள்.
"இன்னும் கொஞ்ச இடந்தான் கிடக்கு.
நாங்கள் வடிவாய்ச் செய்யச் செய்யக்
கடைசிச் சம்பளம் கிட்ட வருது.
கவலைப்படவும் ஏலாது பாருங்கோ,
வெடி முடியிறது நல்லதெல்லோ."
தொழிலின் தன்மை:
தற்காலிகம்.

கார்மன்ஸ் பஸ் விடிய நாலரைக்கு வரும்.
அதனால் ஏழு வீடுகளில்
இருபது வயதுப் பெட்டைகளைப் பற்றிய பதிலெல்லாம்
தாய்மாரின் ஊகம்தான்.
"எவ்வளவு எடுக்கிறாள்?"
"கேக்கிறேல்லை. அரிசி வாங்கித் தாறாள்.
சனிக்கிழமை நித்திரை கொள்ளுறாள்."

பிறகு அந்தச் சிவப்பு எழுத்து.
செலவு வருமானத்தை மிஞ்சுகிறது. சரிபார்க்கவும்.
சரிபார்த்தேன்.
திரும்பவும் கூட்டினேன்.
குழுக்கடன், லீசிங், கடைக் கொப்பி,
அடைவில் கிடக்கும் தோடு.
முப்பத்தெட்டு வீட்டில் அதே சிவப்பு.
மேலதிகாரி தொலைபேசியில் சொன்னார்:
"ஏதாவது ஒண்டைக் குறைச்சுப் போடுங்கோ,
இல்லாட்டி அது உள்ள போகாது."

புதன்கிழமை நான் போன இடமெல்லாம்
கதவு சாத்திக் கிடந்தது.
உள்ளே ரேடியோ சட்டென்று நின்றது,
ஒரு பிள்ளையின் வாயை ஆரோ பொத்தினார்கள்.
கடன் அறவிட வருபவளின் பையும்
என்னுடையதைப் போல நீலமாம்.
வெளியில் நின்று கத்தினேன்:
"காசுக்கு வரேல்லை, கணக்கெடுக்க வந்தனான்!"
உள்ளிருந்து ஒரு குரல்:
"ரெண்டும் ஒண்டுதான் பிள்ளை."

முப்பத்தோராம் திகதி டப்பைத் திருப்பிக் கொடுத்தேன்.
கொடுப்பனவு இரண்டு மாதம் பிந்தும் என்றார்கள்.
வெள்ளிக்கிழமை பின்னேரம்
புஸ்பகாந்தி அக்காவோடு குந்தியிருந்து
கச்சான் உடைத்தேன்.
நகக்கண் எரிந்தது.

அடுத்த கிழமை
தரவை மீளப் பார்க்கவென்று ஒரு பெடியன் வந்தான்.
கழுத்தில் அட்டை, கையில் அதே டப்,
கண்ணாடி மூலையில் நான் விழுத்திய கீறல்.
கடந்த ஏழு நாட்களில், என்று தொடங்கினான்.
"ஓம்" என்றேன். "ஒரு மணித்தியாலம்."
பச்சை.

வெயிலில் நிற்காமல் உள்ளே வரச் சொன்னேன்.
தண்ணீர் கொடுத்தேன்.
அவன் பையைப் பார்த்தேன்.
"தம்பி,
மற்ற வீடுகளுக்குப்
புதன்கிழமை போகாதேங்கோ."