இருபது லிட்டர்

காலை ஐந்தரைக்கு என் முதல் வேலை
தண்ணீரைச் சந்தேகிப்பது.
தோ பாயோ டயாலிசிஸ் நிலையத்தின் பின்னறையில்
கரி உருளைகளைத் தாண்டி வரும் நீரைக்
குப்பியில் பிடித்து, மருந்து கலந்து,
நிறம் மாறாமல் இருக்கிறதா என்று பார்ப்பேன்.
குளோரமின் வாடை தட்டினால்
பதினாறு நாற்காலிகளில் ஒருவருக்கும்
அன்று ஊசி ஏற்ற மாட்டேன்.

அதனால்தான்
சிராங்கூன் நார்த் மீன்கடையில்
"குழாய்த் தண்ணியில குளோரமின் இருக்கும் ஆண்ட்டி" என்று
நீலப் புட்டி ஒன்றை நீட்டியபோது
சிரித்துவிட்டேன்.
பாவம், ஜுன் வெய்க்கு ஒன்றும் புரியவில்லை.

கண்ணாடித் தொட்டி,
இரண்டு ஷூப் பெட்டி அடுக்கிய அளவு.
கருமண் மூன்று விரற்கடை.
ஒரு மரக்கட்டை, வாரம் முழுக்க வாளியில் ஊறித்
தேயிலைச் சாயம் கக்கியது.
அதில் அனுபியஸை நூலால் கட்டினேன்,
தீபாவளி ரவிக்கையில் மிஞ்சிய பச்சை நூல்.
தண்டை மண்ணில் புதைத்தால் அழுகுமாம்.
பின்வரிசையில் கிரிப்ட் நான்கு கொத்து.
மண் கலங்காதிருக்க ஒரு சாஸரை வைத்து
அதன்மேல் ஊற்றினேன்,
கைக்குழந்தைக்குத் தலையில் ஊற்றுவதுபோல.
சூடேற்றி வாங்கவில்லை.
இந்த ஊரே சூடேற்றிதான்.

"இனி என்ன செய்யணும்?"
"ஒண்ணும் செய்யாதீங்க."
"உரம்?"
"வேணாம். அஞ்சு வாரம் சும்மா இருங்க."

சும்மா இருக்க எனக்கு வராது.
அரைமணிக்கொரு தரம் ரத்த அழுத்தம் குறித்தே
பழகிப்போன கை.
நள்ளிரவில் எழுந்து மூடியைத் திறக்கும்,
நேராக நிற்கும் இலையை நேராக்கும்.
இரண்டாம் வாரம் கிரிப்ட் இலைகள்
கூழாகிக் கரைந்தன.
படமெடுத்து அனுப்பினேன்.
"இடம் மாறினா அப்படித்தான். வேரைத் தொடாதீங்க."
தொடவில்லை.
தொடாமலிருக்கச் சமையலறை அலமாரியை
இரண்டு தடவை துடைத்தேன்.

சனிக்கிழமை முகாமிலிருந்து வந்த யுகேந்திரன்
பூட்ஸைக் கழற்றாமலே குனிந்தான்.
"மீன் எங்கம்மா?"
இன்னும் இல்லை.
"காசு குடுத்துத் தண்ணிய வாங்கிப்
பாத்துக்கிட்டிருக்கீங்களா?"

ஏழாம் நாற்காலி ரொக்கியா மாக்சிக்
மீனைப் பற்றிக் கேட்கவில்லை.
"எவ்வளவு பிடிக்கும்?" என்றார்.
இருபது லிட்டர்.
கண்ணை மூடிக் கணக்குப் போட்டார்.
அவருக்கு ஒரு நாளைக்கு எண்ணூறு மில்லி,
குழம்பும் கோப்பியும் சேர்த்து.
"இருபத்தஞ்சு நாள்."
பனிக்கட்டியைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு,
"அதை ஊத்தி வெச்சு
சும்மா பாக்குறியா, மிஸ்ஸி?"

கோபமாகச் சொல்லவில்லை.
நான் எடைச்சீட்டைப் பார்த்தேன்.
இரண்டு நாளில் இரண்டு கிலோ நானூறு கூடியிருந்தது.
அத்தனையும் தண்ணீர்.
இறக்கவேண்டியதை இயந்திரத்தில் பதித்தேன்.

வீட்டில் சோதனைக் குப்பியில் அம்மோனியா
பச்சை, பச்சை, இளம்பச்சை.
ஒரு வியாழன் மஞ்சள்.
கிரிப்ட் வேரிலிருந்து நகமளவு இலை ஒன்று,
போன இலைகளைவிடச் சற்றுச் சிவப்பாக.
பன்னிரண்டு இறால் வாங்கினேன்.
அழைக்காமல் பாசியோடு வந்த நத்தை
பதின்மூன்று.
இப்போது பெரிய வேலை எதுவுமில்லை.
வெயில் குடித்ததற்கு ஈடாக
மூன்று நாளுக்கொரு சொம்பு.

செவ்வாய்க்கிழமை காணொளியைக் கொண்டுபோனேன்.
இறால் மண்ணைக் கொத்துவதைப் பெரிதாக்கிக் காட்டினேன்.
இதுதான் நத்தை, என்றேன்.
மாக்சிக் திரையைப் பார்க்கவில்லை.
இடக்கையில் ஊசிகள், அசைக்கக் கூடாது.
வலக்கையால் கைப்பேசியை வாங்கிக்
காதோடு வைத்தார்.
"சத்தத்தைக் கூட்டு."

பஞ்சு வடிகட்டியின் குமிழிகள்
ஒவ்வொன்றாய் மேலேறி உடைந்தன.

பதினொன்றாம் நாற்காலியில் மணி அலறியது.
கைப்பேசியை அவரிடமே விட்டுவிட்டு
ஓடினேன்.