கார் டெய்லரிங்

சீட்டில் எழுதிக் கொடுத்தும்
'டீடெய்லிங்' என்ற சொல்லை நம்பாமல்
'டெய்லரிங்' என்று வரைந்துவிட்டுப் போனார்
போர்டு எழுதும் பூபாலன் அண்ணன்.
கார் டெய்லரிங், தங்கச்சிமடம்.
கீழே என் செல் நம்பர் மட்டும் சரி.
முதல் வாரம் வந்தது ஒரே ஆள்,
பிளவுஸ் துணியோடு மரியசெல்வி.

இரண்டு பவுன் செயின்
பிரஷர் வாஷரும் வேக்குவமுமாக மாறிக்
கொட்டகைக்குள் நிற்கிறது.
கொட்டகை என்றால் நாலு சவுக்குக் கம்பு,
கிழிந்த வலை, வலைமேல் தார்ப்பாய்.
'கார் இல்லாத வீட்டில் கார் கழுவுறாளாம்'
தெரு சிரித்தது.
கடலுக்குப் போய்வந்த ரெமிஜியுஸ்
'படகுக்கு எவ்வளவு கேப்ப?' என்றான்.

மண்டபம் நண்டுக் கம்பெனியில் ஒன்பது வருஷம்.
வெந்த காலுக்குள்ளிருந்து
ஓட்டுத் துணுக்கு ஒன்றும் ஒட்டாமல்
சதையை முழுசாய் உருவ வேண்டும்.
நீல விளக்கில் தட்டை நீட்டுவார்கள்,
ஓடு மினுங்கினால் கூலி குறையும்.
அந்த விரல்தான் இப்போது
ஏசிப் பட்டைகளின் இடுக்கில்,
சீட்டு நகரும் தண்டவாளத்தில்,
பெல்ட் சொருகும் வாய்க்குள்.
மணலை நான் துடைப்பதில்லை
உருவுகிறேன்.

முதல் கார் கறுப்பு.
எங்கள் போர் தண்ணீர் உவரென்று
எனக்குத் தெரியும்,
காருக்கும் தெரியுமென்று தெரியாது.
காய்ந்ததும் பானெட் முழுக்கத்
தேமல் படர்ந்தது.
டிரைவர் முத்திருளாண்டி ஒன்றும் பேசவில்லை.
எடுத்த நோட்டை மடித்துத்
திரும்பப் பையில் வைத்தார்.

குடம் பதினைந்து ரூபாய்க்கு வாங்கும் நல்ல தண்ணீரை
உலையில் வைப்பதா, கண்ணாடியில் ஊற்றுவதா?
இரண்டு நாள் கழித்து ராமேசுவரத்தில்
லாட்ஜுகளின் பின்சந்தில் நடந்தபோது
உச்சந்தலையில் சொட்டியது.
மூன்று மாடி ஏசிகளும் குழாய் குழாயாய்ச்
சாக்கடைக்கு ஊற்றிக்கொண்டிருந்தன.
கையில் ஏந்தி நாக்கில் வைத்தேன்.
ஒரு ருசியும் இல்லை.
ருசியில்லாத ஒன்றுக்காக
அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.
மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு
'எடுத்துக்கோம்மா' என்றார்.

நாளைக்கு எட்டு கேன்.
படகு போகாத நாளில் ரெமிஜியுஸே
டிவிஎஸ்ஸில் கட்டிக்கொண்டு வருகிறான்.
உவரில் அழுக்குப் போகும்,
ஏசித் தண்ணீரில் கடைசி அலசல்.
இருபத்திரண்டு தீர்த்தம் ஆடியவர்களின் வண்டிக்கு
இருபத்துமூன்றாவது என்னிடம்.
ஈரத்தோடு உட்கார்ந்த சீட்டில் உப்புக்கோடு,
மிதியடியில் மொட்டை போட்ட குழந்தையின் முடி,
கப்பு வைக்கும் குழியில் உயிரோடு ஒரு சங்குப்பூச்சி.
எல்லாம் பார்த்தாயிற்று என்று நினைத்தேன்.

ஆடி அமாவாசைக்கு மறுநாள் ஓசூர் வண்டி.
'டிக்கியில கொஞ்சம் சாம்பல் சிந்திருச்சு,
வேக்குவம் போட்டு எடுத்துருங்க.'
சாவியைத் தந்துவிட்டு டிரைவர் டீக்கடைக்குப் போனார்.
குழாயின் வாயைக் கிட்டே கொண்டுபோனேன்.
சாம்பலுக்குள் வெள்ளையாய் ஒரு துணுக்கு.
ஓடா சதையா என்று பிரித்தே பழகிய கண்.

சுவிட்சை அணைத்தேன்.
கம்பளத்தை மயிர் மயிராய் விலக்கி
பிரஷால் கூட்டித் தாளில் சேர்க்க
முக்கால் மணி நேரம்.
கைப்பிடி அளவுகூட இல்லை.
வந்தவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
கடல் எவ்வளவு தூரமென்று கேட்டார்.
கருவாடு காயும் வழியே போனால் அஞ்சு நிமிஷம்.
செருப்பைக் கழற்றிவிட்டு
இரண்டு கையாலும் வாங்கினார்.

பில்லில் 'டிக்கி' என்று எழுதி
எதிரே ஒன்றும் எழுதவில்லை.
மற்றதற்கு எண்ணூறு.
ஐம்பது குறைக்கச் சொன்னார்.
குறைக்கவில்லை.

போர்டைத் திருத்தித் தருகிறேன் என்கிறார் பூபாலன் அண்ணன்.
வேண்டாம் என்றுவிட்டேன்.
அதைப் பார்த்து வாரம் இரண்டு பேராவது
சீட்டுக்கு உறை தைக்கக் கேட்கிறார்கள்.
உச்சிப்புளியில் பழைய தையல் மிஷின் ஒன்று
விலை பேசியிருக்கிறேன்.