காற்று எந்தப் பக்கம்

புந்தா அரேனாஸில் பதினேழு வருடம் பஸ் ஓட்டினேன்.
முழங்கால் மறுத்தபோது
ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் ஒரு நாற்காலி கிடைத்தது.
கையேடு இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
ஒரே வாரத்தில் முடித்தேன். தேர்வில் தொண்ணூற்றாறு.
முதல் அழைப்பில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

இரண்டாவது ஹெட்செட்டை மாட்டி
பார்ரியாவின் பக்கத்தில் உட்காரவைத்தார்கள்.
என் கடைசி மகனைவிட இரண்டு வயது சின்னவன்.
"கேளுங்க" என்றான்.
அன்றைய பாடம் அவ்வளவுதான்.
பிறகு பேசியது, சர்க்கரை டப்பா எங்கே என்று.

கேட்டேன்.
எதிர்முனை அலற அலற இவன் குரல் இறங்கும்,
இருட்டுப் படிக்கட்டில்
ஒரு படி முன்னால் போய்க் கை நீட்டுகிறவன் மாதிரி.
திட்டுகிறவனைத் திட்ட விடுவான்,
அவனுக்குத்தான் மூச்சு இருக்கிறதே.
"ஒன்றுமில்லை, மன்னிக்கணும், இந்த நேரத்தில், தொந்தரவு"
என்று ஒருவர் இழுத்தால்
முகவரி வருமுன்
வண்டியை எழுப்பிவிட்டிருக்கும் அவன் விரல்.
எப்படித் தெரிந்தது?
"மூணாவது கமாவில்" என்றான்.
கொஞ்ச நேரம் கழித்து,
"இல்லை, அதுவும் இல்லை."

சாந்தியாகோவிலிருந்து ஒரு பெண் படிவத்தோடு வந்தாள்.
அனுபவ அறிவை ஆவணப்படுத்த வேண்டுமாம்.
பார்ரியா பேனாவை அரைமணி நேரம் கையில் வைத்திருந்து
ஒரு வரி எழுதிக் கொடுத்தான்:
நாயைக் கட்டச் சொல்லவும்.

நானும் ஒன்று கொடுத்திருக்கிறேன்.
நவம்பர், காற்று நூற்றுப் பத்தில்.
கரையோரம் போய்க்கொண்டிருந்த வண்டிக்கு
அவன் மைக்கைப் பிடுங்கிச் சொன்னேன்:
மூக்கைக் காற்றுக்குக் காட்டி நிறுத்து.
வாலைக் காட்டினால் கதவு உன்னுடையதில்லை.
(என் சொந்தக் காரில் இரண்டு போயிருக்கிறது.)
மறுநாளிலிருந்து அவன் கேள்விகளில் ஒன்று கூடியிருந்தது:
"காற்று எந்தப் பக்கம் அடிக்குது, சென்யோரா?"
நன்றி சொல்லவில்லை.
எடுத்துக்கொண்டதே அவனுக்குத் தெரியாது.

எல்லாவற்றையும்விட இதைத்தான் உற்றுப் பார்த்து வைத்திருந்தேன்:
குழந்தை என்றால் எழுந்து நிற்பான்.
நாற்காலி பின்னால் உருளும்,
ஒரு கை மேசை விளிம்பில்.
சூட்சுமம் இதுதான் என்று முடிவு கட்டினேன்.
நின்றால் குரலுக்கு இடம் கிடைக்கும் போல.
அல்லது அது ஒரு மரியாதை.
நானும் எழுந்தேன்.
பெரால்டா தெருவில் ஒரு தாய்க்கு
நீலம் பாய்ந்த உதட்டில் எப்படி ஊதுவது என்று
நின்றபடி எண்ணிச் சொன்னேன்.
பதினொன்றாவது ஊதலில் அது அழுதது.
வெகுநேரம் நான் உட்காரவில்லை.

எட்டு மாதம் கழித்து, காப்பி இயந்திரத்தடியில் கேட்டேவிட்டேன்.
"நானா? நிற்கிறேனா?"
யோசித்தான். காது சிவந்தது.
"குழந்தை கேஸ் நீளும், நெலிதா.
இடது கால் மரத்துப்போகும். டிஸ்க்."

சிரித்ததில் அவனுக்கு மூக்கில் காப்பி ஏறியது.

அடுத்த வாரம் உட்கார்ந்தே பேசிப் பார்த்தேன்.
வீட்டு எண்ணைத் தப்பாக எழுதினேன்.
அதோடு விட்டேன்.
முழங்கால் கெஞ்சக் கெஞ்ச நிற்கிறேன்,
இன்னொருவன் முதுகெலும்பின் பேரில்.

பார்ரியா இப்போது நீரிணைக்கு அக்கரையில், போர்வெனீரில்.
இரண்டாவது ஹெட்செட்டில் யஸ்னா.
மருந்துக்கடையில் இருந்தவள்,
எதையும் நோட்டில் குறித்துக்கொள்ள மாட்டாள்,
ஒரு கண் மட்டும் என்மேல்.

நேற்று இரவு இரண்டேகாலுக்கு,
மூன்று வயது, மூச்சு இழுப்பு.
எழுந்தேன்.
பின்னால் இன்னொரு நாற்காலி உருளும் சத்தம்.

சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது.
லைனில் ஆள் இருந்தது.
காற்று எந்தப் பக்கம் என்று கேட்டேன்.