கணு

விழுந்த இடம் நன்றாக நினைவிருக்கிறது.
செம்பனார்கோயில் பள்ளி மைதானம், மூன்றாவது குவார்ட்டர்.
ரீபவுண்டுக்கு எழும்பி, பந்தோடு இறங்கும்போது
தரை இருக்க வேண்டிய இடத்தில்
யாருடைய ஷூவோ இருந்தது.

ஈரத்துணியை முறுக்கியதுபோல் ஒரு சத்தம்.
எனக்கு மட்டும் கேட்டது.

வீக்கம் வடிந்தது. நீலம் மஞ்சளாயிற்று.
எக்ஸ்ரேயில் எலும்புகள் ஒழுங்காக வரிசையில் நின்றன.
ஒன்றுமில்லை என்றார்கள்.
அந்த ஒன்றுமில்லாத கால்
அடுத்த மாதமே மறுபடி மடங்கியது.
இம்முறை யாருடைய ஷூவும் இல்லை,
எங்கள் கோர்ட்டின் சொந்த விரிசல்.

மாயவரத்துக் களிமண்ணின்மேல் போட்ட சிமெண்ட் அது.
ஐப்பசியில் உப்பும், சித்திரையில் சுருங்கும்,
வருடத்துக்கு ஒரு கோடு கூடும்.
எத்தனை அடி தோண்டினாலும் கல் அகப்படாத மண்ணில்
காலை உடைத்துக்கொள்ள
நாங்களே தளம் போட்டு வைத்திருக்கிறோம்.

மரிய ஸ்டெல்லா வந்தது மாசி மாதம்.
தஞ்சாவூரில் பிசியோதெரபி கடைசி வருடம்.
பிராஜெக்டுக்கு முப்பது ஜோடி கணுக்கால் தேவைப்பட்டது அவளுக்கு,
வேறொன்றும் இல்லை.
தரையில் மூன்று திசைக்கு டேப் ஒட்டினாள்.
ஒற்றைக்காலில் நில், மற்றதை நீட்டு, இன்னும், இன்னும்.
வலதில் நின்றபோது ஏழு சென்டிமீட்டர் குறைந்தேன்.
கண்ணை மூடிக்கொள் என்றாள்.
நான்கு விநாடி.

தையல்நாயகி முப்பத்தொன்று நின்றாள்.
எங்கள் சென்டர், ஐந்தடி பத்து.
பேரிலேயே தையல் இருக்கு, எனக்குக் கிழியாது என்றாள்.
அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.

ஸ்டெல்லா என் காலின் வெளிப்பக்கத்தை ஒரு விரலால் அழுத்தி
இது தூங்குது என்றாள்.
எண்ணை எழுதிக்கொண்டு அடுத்த காலுக்குப் போய்விட்டாள்.

பஞ்சர் கடையில் பழைய டியூப் கேட்டு வாங்கினேன்.
கட்டில்காலில் ஒரு முனை, பாதத்தில் ஒரு முனை.
வெளியே இழு, மெதுவாக விடு. இருபது. மறுபடி இருபது.
பல் தேய்க்கும்போது ஒற்றைக்கால்.
கரண்ட் போனால் கண்ணை மூடக்கூட வேண்டாம்.

தம்பி கொக்கு என்றான்.
வாய்க்கால் பக்கம் போய் நிஜமாகவே ஒன்றைப் பார்த்தேன்.
அது ஆடவே இல்லை.
என் கால் ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கிறது.
இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம்,
விழப் பார்த்து, வேண்டாம் என்று திரும்பி.
கொக்கு எனக்கு உதவாது.

பொங்கல் கரும்பில் நாங்கள் துப்புவது கணுவைத்தான்.
பல்லுக்கு ஆகாது.
கரணை வெட்டுகிறவர்கள் அதையேதான் தேடிப் பிடிப்பார்கள்.
கண் அங்கேதான் இருக்கிறது,
மண்ணுக்குள் போட்டு மூடினாலும் வழி தெரிகிற கண்.
கணுக்காலுக்குப் பேர் வைத்தவர் கரும்பு நட்டிருக்க வேண்டும்.
அதற்கு மேலேயே கெண்டைக்கால்.
ஓய்ந்த நேரத்தில் மீனும் பிடித்திருப்பார்.

வைகாசிக்குள் இருபத்தாறு விநாடி.

கும்பகோணத்தில் அரையிறுதி.
நான்காவது குவார்ட்டர், மறுபடி ரீபவுண்ட்,
இறங்கினால் மறுபடி ஒரு ஷூ. இந்தமுறை வெள்ளை.
பாதம் சாய ஆரம்பித்தது,
அந்தச் சத்தத்துக்காகக் காது தயாராயிற்று.
அதற்குள், நான் எதுவும் சொல்லாமலே,
காலின் வெளிப்பக்கத்தில் ஒன்று வெடுக்கென்று இறுகி
என்னை நேராக வைத்தது.

நடுவர் ஊதவில்லை. ஊத என்ன இருக்கிறது.
விழாமல் இருந்ததற்குப் பலகையில் புள்ளி கிடையாது.
எறிந்த பந்தும் வளையத்தில் பட்டு வெளியே போனது.
நான்கு புள்ளியில் தோற்றோம்.
தையல் அழுதாள். நான் ஷூவைக் கழற்றி
காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் இடம் இருந்தது,
ஜன்னலோரமாக, தையல் துண்டு போட்டு வைத்திருந்தாள்.
குத்தாலம் தாண்டும்வரை நின்றே வந்தேன்,
வலது காலில், கம்பியைத் தொடாமல்.
கண்டக்டர் இரண்டு தடவை
உட்காரச் சொன்னார்.