அரைக் கிலோ பூண்டு

ஆராதனை முடிந்து
ஞாயிற்றுச் சந்தைக்குள் இறங்கினேன்.
மூஞ்சிக்கல் பக்கமிருந்து மஞ்சு ஏறிக்கொண்டிருந்தது.
தார்ப்பாய்க்குக் கீழே பேரிக்காய், பட்டர்பீன்ஸ்,
மண் போகாத கேரட்.
அதற்கும் அப்பால் குழந்தைவேலு,
என்னோடு பிறந்தவன்,
பூம்பாறைப் பூண்டு மூட்டைக்கு முன்னால்
குத்தவைத்து உட்கார்ந்திருந்தான்.

சுற்றிப் போயிருக்கலாம்.
மூன்று வருஷமாகச் சுற்றித்தான் போனேன்.

"எவ்வளவு வேணுங்க?" என்றான்.

வேணுங்க.

பூண்டுப் பாத்தியில் என் சடையைப் பிடித்து இழுத்தவன்.
'ஏ கழுத' என்பதைத் தவிர
எனக்கு வேறு பேரே வைக்காதவன்.
ஞானஸ்நானம் எடுத்து
ஈரத் தலையோடு வாசலில் நின்றபோதுகூட
"போடி, அப்படியே போயிரு" என்றான்.
அதில் ஒரு 'டி' இருந்தது.
அந்த 'டி'யைப் பிடித்துக்கொண்டுதான்
இத்தனை நாள் ஓட்டினேன்.

அவன் மகள் சடங்குப் பத்திரிகையில்
அத்தை என்ற வரியே இல்லை.
அம்மா படுக்கையில் கிடந்த நாலு மாசமும்
ராத்திரி ராத்திரி துடைத்தெடுத்த கை இது;
வாய்க்கரிசி போட விடவில்லை.
திருநீறு பூசிக்கொண்டு உள்ளே வா என்றான்.
நான் பூசவில்லை.
அதையும் சொல்லிவிட வேண்டும்.

"அரைக் கிலோ."

தராசு ஐந்நூற்றுப் பத்து காட்டியது.
ஒரு பூண்டை எடுத்தான்,
அதைவிடச் சின்னதாய் ஒன்று போட்டான்.
சரியாக ஐந்நூறு.
கொசுறு கிடையாது.

ஜெபத்தில் ஆண்டவரை 'நீர்' என்கிறேன்.
'நீ'க்கும் 'நீங்க'ளுக்கும் நடுவே ஒரு படி அது.
அந்தப் படியில் நின்று தினமும் கேட்கிறேன்:
இவனை மன்னிக்க எனக்குத் தெரியவில்லை.
மன்னித்தேன் என்று சொன்ன ராத்திரிகளில்
விடிவதற்குள் திரும்ப எடுத்துக்கொண்டேன்,
உமக்குத்தான் தெரியுமே.
ஒருநாள் இவன்
சந்தையே திரும்பிப் பார்க்கும்படி
என்னை ஒருமையில் வையட்டும்.
கழுத என்று கத்தட்டும்.

மீதியைக் கையில் தரவில்லை.
சாக்கின்மேல் வைத்தான்.
இரண்டு பத்து ரூபாய்த் தாள்,
ஒன்று நடுவில் கிழிந்து
டேப் ஒட்டியது.
நான் குனிவதற்குள்
அதை எடுத்துவிட்டு
சட்டைப்பைக்குள் துழாவி
வேறு பத்து வைத்தான்.

என்னைப் பார்க்கவில்லை.
பின்னால் நின்றவரிடம்
"சொல்லுங்க" என்றான்.

வில்பட்டி பஸ்ஸில்
மடியில் பையை வைத்திருந்தேன்.
அடுப்புக்கு மேல் கட்டித் தொங்கவிட்ட புகைவாசம்
கொண்டையூசி வளைவுகளில் எல்லாம்
எங்கள் வீட்டைத் திறந்து திறந்து மூடியது.
பக்கத்தில் இருந்த பெண்
ஒரு பூண்டை எடுத்து மோந்து பார்த்து
"எங்கே வாங்கினது?" என்றாள்.

எங்கண்ணன் காட்டுப் பூண்டு
என்றேன்.